பெடலை நீட்டினால் வண்டி நிற்குமா?

கேள்வி: ‘‘என் பழைய 100 சி.சி. பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிஃபரன்ஷியல் வைத்த அச்சு, இரண்டு சக்கரம், பெட்டி பொருத்தி மூன்று சக்கர வண்டியாக மாற்றியிருக்கிறேன். 20 பெட்டி தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறேன். வெறும் வண்டியாக வந்தால் பிரேக் பிடிக்கிறது. சுமையோடு இறக்கத்தில் மிதித்தால் நிற்க மாட்டேன் என்கிறது. இடது பக்கமாக இழுக்கவும் செய்கிறது. பிரேக் டிரம் இடது சக்கரத்தில் மட்டும்தான் இருக்கிறது. பெடலை நீளமாக்கினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியாக வருமா?’’

*– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.*

பதில்: பயிர், பூச்சி, உரம் என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒரு கேள்வி. ஆனாலும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசேர்ப்பதும் விவசாயத்தில் ஒரு பாதிதான். அதிலும் இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் முதலிலேயே இதை எடுத்துக்கொண்டேன்.

நேரடியான பதில்: பெடலை நீட்டுவது மட்டும் போதாது. பிரேக் சரியாகும் வரை இந்த வண்டியில் சுமை ஏற்றாதீர்கள். காரணத்தைத் தெரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

பிரேக் ஏன் தோற்கிறது?

100 சி.சி. பைக்கின் பின் டிரம் 110 அல்லது 130 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. வண்டி, இரண்டு ஆள், ஒரு பை என்று சுமார் 250 கிலோவை மனதில் வைத்து அதைச் செய்திருக்கிறார்கள். உங்கள் கணக்கைப் பாருங்கள். பெட்டியோடு சேர்ந்த வண்டி 185 கிலோ, நீங்கள் 65 கிலோ, பெட்டிக்கு 15 கிலோ வீதம் தக்காளி 300 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 550 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. பைக்கில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் முன் பிரேக்தான் பெரும்பங்கு வேலையைச் செய்யும். பின் பிரேக் துணைக்கு மட்டும். உங்கள் வண்டியில் சுமை முழுக்கப் பின் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரத்தில் எடை குறைவு. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆக, துணைக்கு வைத்த பின் பிரேக் இப்போது முழு வேலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். இந்த வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 16 முறை பிரேக் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் இதில் பெரும்பகுதி டிரம்முக்குள் சூடாக மாறும். சூடேறிய டிரம் விரியும். லைனிங்கின் பிடிமானம் குறையும். பெடல் கீழே இறங்கிக்கொண்டே போகும், வண்டி மட்டும் நிற்காது. வெறும் வண்டியில் பிடிக்கிற பிரேக் சுமையோடு பிடிக்காததன் ரகசியம் இதுதான்.

இடது பக்கம் இழுப்பது ஏன்?

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வயலில் திருப்பும்போது இடது, வலது பிரேக்கைத் தனித்தனியாக மிதிப்போம். ரோட்டுக்கு வந்தால் இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிடுவோம். இல்லாவிட்டால் டிரெய்லரோடு போகும்போது ஒரு பக்கமாக இழுத்துக் கவிழ்த்துவிடும்.

உங்கள் வண்டி, கொக்கி போடாத டிராக்டரைப் போல ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஃபரன்ஷியல் இருப்பதால் இரண்டு சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்ற முடியும். இடது சக்கரத்தை டிரம் பிடித்து நிறுத்தினாலும் வலது சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். அதனால்தான் வண்டி இடது பக்கம் திரும்பப் பார்க்கிறது. பெடலை நீட்டி இன்னும் பலமாக மிதித்தால், இழுப்பதும் இன்னும் பலமாகும். மூன்று சக்கர வண்டி கவிழ இது போதும்.

சரிசெய்யும் வழி

1. இரண்டு சக்கரத்துக்கும் டிரம் வேண்டும். டிஃபரன்ஷியல் உள்ள அச்சில் இதற்கு மாற்று கிடையாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வகை லைனிங் உள்ளதாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் புதிய ஷூ, மறு பக்கம் பழைய ஷூ என்று போடக் கூடாது.

2. இழுவை சமமாகப் பிரிய வேண்டும். பெடலிலிருந்து வரும் கம்பியை ஒரு குறுக்குப் பட்டையின் நடுவில் மாட்டி, பட்டையின் இரு முனைகளிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் கம்பி கொண்டுபோக வேண்டும். பட்டை நடு ஆணியில் தாராளமாக அசைய வேண்டும். நுகத்தடியின் நடுவில் ஏர்க்காலைக் கட்டுவதும் இரண்டு மாடும் சமமாக இழுக்கத்தானே? அதே தத்துவம்தான். பட்டையை வெல்டு வைத்து அசையாமல் செய்துவிட்டால் பயன் இல்லை.

3. கேபிளைவிடக் கம்பி நல்லது. கேபிளின் உறை அழுந்தும், உள்ளே துருப்பிடிக்கும். மிதிக்கிற விசையில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும். நேர்கோட்டில் போகிற இடங்களில் இரும்புக் கம்பி போடுங்கள்.

4. டிரம்மின் வெளியே உள்ள கையின் கோணத்தைப் பாருங்கள். பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையில் அந்தக் கையும் கம்பியும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் விசை முழுதாகப் போய்ச் சேரும். கையை 75 மில்லிமீட்டரிலிருந்து 100 ஆக நீட்டினால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால், பெடல் இறங்கும் தூரமும் அதே அளவு கூடும். பெடலை நீட்டினாலும் இதே கதைதான். உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், விசை கூடுமே தவிர டிரம் சூட்டைத் தாங்கும் திறன் கூடாது.

5. டார்க் ராடைக் கவனியுங்கள். ஷூ மாட்டிய தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வது இந்தக் கம்பிதான். மாற்றி அமைத்த வண்டிகளில் இதை ஒரு துண்டு இரும்பில் வெல்டு வைத்து விட்டுவிடுகிறார்கள். பலமாக மிதிக்கும்போது வெல்டு விட்டால் தட்டு சுழன்று பிரேக் கம்பியை முறித்துவிடும். பிறகு பிரேக்கே இருக்காது. ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது இங்கே அப்படியே பொருந்தும். தடிமனான போல்ட், நட்டு, அதன் மேல் காட்டர் பின் மூன்றும் இருக்க வேண்டும்.

6. சக்கரத்தின் அளவையும் பாருங்கள். ஒரே டிரம், ஒரே மிதி. சக்கரம் சிறியதாக இருந்தால் நிறுத்தும் விசை கூடும். பைக் சக்கரம் டயரோடு சுமார் 60 சென்டிமீட்டர் உயரம். ஆட்டோவுக்குப் போடும் 4.00-8 டயர் சுமார் 42 சென்டிமீட்டர். சிறிய சக்கரத்தில் அதே டிரம் ஏறத்தாழ 1.4 மடங்கு விசையோடு நிறுத்தும். பைக் சக்கரத்தையே பின்னால் இரண்டு பக்கமும் மாட்டியிருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

7. ஷூவில் எண்ணெய் இருக்கிறதா? அச்சின் ஆயில் சீல் தேய்ந்தால் ஆயில் கசிந்து லைனிங்கில் ஊறிவிடும். ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவினாலும், தீயில் காட்டினாலும் பழைய பிடிப்பு வராது. சீலையும் ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சோதித்துப் பார்க்கும் முறை

பின் அச்சைக் கட்டை வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் போடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, மற்றவர் இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இறுக வேண்டும். ஒன்று முன்னால் இறுகினால் நட்டைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத, காய்ந்த, சமமான இடத்தில் கோடு போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் மிதியுங்கள். முதலில் வெறும் வண்டி, பிறகு பாதிச் சுமை, அதன்பின் முழுச் சுமை. சுமையோடு 6 மீட்டருக்குள் நேராக நிற்க வேண்டும். அதைத் தாண்டினாலோ, பக்கவாட்டில் இழுத்தாலோ அந்தச் சுமை அந்த வண்டிக்கு ஆகாது. ஏற்ற வேண்டிய எடையை ஆசை முடிவு செய்யக் கூடாது. பிரேக்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டும்போது

வேகத்தை 40-லிருந்து 30 கிலோமீட்டராகக் குறைத்தாலே பிரேக்கின் வேலை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். செலவில்லாத பிரேக் இது. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். நிறுத்திவைத்து ஆறவிடுங்கள்.

பாரத்தைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக அடுக்குங்கள். அச்சுக்குப் பின்னால் போனால் முன்சக்கரம் தூக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019-ம் ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காக மாற்றியமைக்கும் வண்டிகளுக்குத் தனி வழி உண்டு. சரக்கு ஏற்றுவதற்கு அது பொருந்தாது.

அபராதத்தைவிடப் பெரிய கவலை காப்பீடு. விபத்தில் அடுத்தவருக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால், வண்டியை மாற்றியதைக் காரணம் காட்டி நிறுவனம் பொறுப்பை மறுக்கலாம். இழப்பீடு உங்கள் தலையில் விழுந்தால், தக்காளி விளைந்த நிலத்தையே விற்க வேண்டிவரும். பிரேக்கை எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் இந்தச் சிக்கல் தீராது. அதனால் இந்த வண்டியை, சரிசெய்த பிறகும், வயலிலிருந்து களத்துக்கும் கொட்டகைக்கும் சுமை கொண்டுவரத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்டுக்கு என்ன செய்வது? பதிவு பெற்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி சுமார் அரை டன் ஏற்றும். உங்கள் கணக்கில் 30 பெட்டிக்கு மேல். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரோடு சேர்ந்தாலே ஒரு நடை நிரம்பிவிடும். உங்கள் பகுதியில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால், கூட்டு வாகனம் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். அச்சுக்கும் டிரம்முக்கும் வெல்டிங்குக்கும் போகிற பணத்தை, பகிர்ந்துகொள்ளும் வாடகையோடு ஒரு பருவத்துக்கு ஒப்பிட்டு எழுதிப் பாருங்கள். முடிவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: ‘‘வாய்க்காலைக் கடந்து வந்ததும் டிரம் பிரேக் பிடிப்பதில்லை. என்ன செய்வது?’’

பதில்: டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து லைனிங் வழுக்குவதுதான் காரணம். வாய்க்காலைத் தாண்டியதும் நடக்கிற வேகத்தில், பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சூட்டில் ஈரம் காய்ந்து பிடிப்பு திரும்பிவிடும். அது திரும்பும் வரை ரோட்டில் ஏறாதீர்கள். சேற்றுத் தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டியின் டிரம்மை மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது.

கேள்வி: ‘‘சரக்கு ஆட்டோவில் பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?’’

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாது. எஞ்சின் ஆயில் பட்டால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் இரண்டிலும் உள்ள ரப்பர் உப்பிப் பிரேக் செயலிழந்துவிடும். மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலை மட்டும், சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். ஆயில் தானாகக் குறையாது. லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசியும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, ஏர் எடுத்த பிறகே வண்டியை எடுங்கள்.