குறிஞ்சி காணாத ஆசிரியர்கள்

அரியாலை மணலில் நின்று குறிஞ்சித் திணையைக் கற்பிக்கிறோம். குறிஞ்சி மலரை நாம் கண்டதில்லை. பரீட்சைக்கு மனனம் போதும் என்பதே நமது கல்வி. நம் தீவிலேயே, 2000 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியில், குறிஞ்சியின் இனமான நெலுச் செடிகள் பல்லாண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூக்கின்றன. மலரும் வண்ணத்துப்பூச்சியும் தேடி மாணவருடன் மலையேறுவோம்.

ஆனால் அவற்றை மட்டும் கண்டு திரும்புவது அரைப்பாடமே. வழிநெடுகத் தெரியும் பசுமை காடன்று. காடழித்து அந்நியத் துரைமார் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட நிலம். வியர்வை சிந்தி அதை வளர்த்தோருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. அவர்களுள் எஞ்சியோர் 2003 வரை காத்திருந்தனர். பூச்சியின் பெயரைக் குறித்துக்கொண்டு, கொழுந்து பறிப்பவளின் பெயரைக் கேளாது திரும்புபவன் குறிஞ்சியைக் கற்றவனல்லன். திணை என்பது நிலமும் மக்களும் சேர்ந்ததன்றோ?