வரைவும் பொறியும் ஒருமொழி பேசுக!

பொருளைப் பிறர்க்கு உணர்த்தாத சொல் வெற்றொலியே. மாந்தர் மொழிக்குரிய இவ்வுண்மை, கணிப்பொறி வரைவுக்கும் அதனைக் கொண்டு மாழையை வெட்டும் பொறிக்கும் உரியதே.

பொறியுறுப்பு ஒன்றைத் திரையில் வரைகின்றவன், நீள அகலங்களோடு எது துளை, எது பள்ளம், எவ்வளவு அளவு வேறுபாடு பொறுக்கப்படும் என்பனவற்றையும் குறிக்கின்றான். அவ்வரைவு ஒரு மென்பொருளுக்கே உரிய மறைமொழியில் அடைபட்டுக் கிடப்பின், வேறு மென்பொருள் வைத்திருக்கும் பட்டறை அதனைப் படிப்பது எங்ஙனம்?

இவ்விடர் தீர்க்க, 1979இல் அமெரிக்கச் செந்தரப் பணியகத்தோடு போயிங், செனரல் எலக்ட்ரிக் முதலிய நிறுவனங்கள் கைகோத்தன. 1980இல் 'ஐசெசு' எனும் பொதுவடிவம் வெளிவந்தது. 1994இல் 'சுடெப்பு' எனப்படும் ஐ.எசு.ஓ. 10303 செந்தரத்தின் முதற்பகுதிகள் வெளிவந்தன.

ஆயினும் பட்டறை வாயிலில் அப்பொதுமொழி நின்றுவிடுகின்றது. வெட்டுபொறிகளை ஏவுவன இன்றும் பெரும்பாலும் 1982இல் ஐ.எசு.ஓ. 6983 எனச் செந்தரமான பழங்குறிகளே. 'நேரே செல், வலஞ்சுழியாய் வளை' என அவை கருவியை நகர்த்தும், வரைந்தவன் கருத்தை உரையா. அவற்றின் வழக்கும் பொறிக்குப் பொறி வேறுபடும். தொழிலாளி பொறியருகே செய்த திருத்தம் வரைவாளனிடம் மீள்வதும் அரிது. 'இப்படி நகர்' என்னாது 'இதனைச் செய்' எனக் கூறும் ஐ.எசு.ஓ. 14649 செந்தரம் 2003இல் வந்தும், பட்டறைகளில் பரவவில்லை.

இதனால் இழப்பு யாருக்கு? வரைவுகள் பொருந்தாமையால் அமெரிக்க உந்துவண்டித் தொழிலுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 100 கோடி தாலர் இழப்பு என, அந்நாட்டுச் செந்தரத் தொழில்நுட்ப நிறுவனத்துக்காக 1999இல் வந்த ஆய்வு கணித்தது. அதன் பெரும்பகுதி, பயன்படாத வரைவுகளைத் திருத்தவும் மீள ஆக்கவும் செலவானதே! வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மென்பொருளைக் கேட்டால், சிறுபட்டறை எத்தனையைத்தான் வாங்கும்?

பொதுச்செந்தரம் புத்தாக்கத்தை முடக்கும் என்பார் உளர். அன்று! உள்ளே அவரவர் திறம் காட்டலாம். கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமே பொதுமொழி வேண்டும். பேழையை விற்றவன் திறவுகோலைத் தன் மடியிலேயே முடிந்துகொள்வது அறமா? வரைவுக்கு உரியவன் வரைந்தவனா, மென்பொருள் விற்றவனா?

வணிகர் தாமே திறவார். வாங்குவோரே திறக்கச் செய்தல் வேண்டும். பொதுச்செந்தரத்தில் முழுப்பொருளும் சிதையாமல் கொள்ளவும் கொடுக்கவும் இயலாத மென்பொருளையும் பொறியையும் வாங்கோம் எனத் தொழிற்கூடங்கள் உறுதி பூணுக! தம் உழைப்பின் திறவுகோலைத் தம் கையிலேயே வைத்திருப்பதே தொழிலாளர்க்குப் பெருமை.