காசநோயா, குரோனா: இரண்டு மாதக் கெடு

நகரியிலிருந்தோ குப்பத்திலிருந்தோ வரும் 12 வயதுப் பையன். மாதக்கணக்கில் வயிற்றுவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், இரத்தசோகை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. "போன வருஷ யூனிபார்மே இன்னும் சரியா இருக்கு சார்" என்கிறார் அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டதும் உயரத்தை அளந்து வளர்ச்சி அட்டையில் குறிக்க வேண்டும். குரோன் நோயுள்ள சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கே இருக்காது; வளர்த்தி நின்றுபோவதுதான் முதல் அறிகுறி. ஆசனவாயையும் பார்த்துவிடுங்கள். மூலம் என்று சொல்லி அனுப்பப்படும் சதைத் தொங்கல், பிள்ளைகளிடம் பெரும்பாலும் மூலமாக இருப்பதில்லை.

சித்தூர், திருப்பதிப் பக்கம் இந்தப் பையனுக்கு முதலில் காசநோயை நினைப்பது சரிதான். இலியமும் சீக்கமும் இரு நோய்க்கும் பொதுவான இடம். குடல் திசுவில் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்பதால் காசநோய் இல்லையென்றும் ஆகிவிடாது. ஆனால் மருந்தைத் தொடங்கிவிட்டுக் கெடு வைக்காமல் விடுவதை ஏற்க முடியவில்லை. குரோன் நோயிலும் காசநோய் மருந்தால் சிலருக்கு வலி குறையும், புண் ஆறாது. ஆகவே இரண்டாம் மாதம் கால்புரோடெக்டின், முடிந்தால் மறுபடி கொலனோஸ்கோப்பி. ஆறவில்லையென்றால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயை விலக்கிக்கொண்டு குரோன் பக்கம் திரும்ப வேண்டும். வருடக்கணக்கில் இழுத்தால் குடல் சுருங்கும், பருவ வளர்ச்சியும் கைநழுவும்.

பக்கத்திலிருக்கும் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து புளிமூட் குழுவினர் 1999-இல் 'கட்' (Gut) இதழில் எழுதிய கட்டுரை இன்றும் உதவும். காசநோயில் கிரானுலோமாக்கள் பல, பெரியவை, ஒன்றோடொன்று சேர்ந்தவை. குரோனில் சிறியவை, அரிதானவை. குரோனில் பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலும் நாள்பட்ட அழற்சி தெரியும். அதனால்தான் புண்ணை மட்டும் கிள்ளி எடுத்தால் போதாது. பகுதிவாரியாக, தனித்தனிக் குப்பியில் பயாப்ஸி வேண்டும். திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்திலேயே இதைக் கேட்டு எழுதலாம்.

பிள்ளை ஆறு வயதுக்குக் கீழ் என்றால் பிறவி எதிர்ப்புக் குறைபாட்டையும் தேட வேண்டும்.

குரோன் உறுதியானபின் ஸ்டீராய்டுக்கு முன் திரவ உணவுச் சிகிச்சையை நினையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஃபார்முலா மட்டும். குடல் அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டுக்குக் குறைந்ததல்ல. வளர்ச்சியைத் தடுக்காது, மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பாது. இன்ஃப்ளிக்சிமாப் என்றாலோ, காசநோய்ப் பரிசோதனை முடியாமல் முதல் ஊசி கூடாது. ஃபார்முலா நாட்களில் சோறு கிடையாது, திருமலை லட்டும் கிடையாது. இதை அம்மாவிடம் மட்டுமல்ல, வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் வரவழைத்து, தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.