வெளிமாநிலத்தார்க்குக் கடை இல்லை என்று தீர்மானம் போடலாமா?



வடமாநிலத்தவர்க்கு யாரும் கடை வாடகைக்கு விடக் கூடாது என்று சங்கங்கள் தீர்மானம் போட வேண்டுமெனச் சிலர் பேசுகிறார்கள். எதிரிலேயே புதுக்கடை வந்து விலையைக் குறைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவதே வியாபாரிக்கு அழகு.

நாடெங்கும் நடமாடவும், விரும்பிய ஊரில் குடியிருக்கவும், தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை தந்துள்ளது. பொதுநலனுக்காகவோ, பழங்குடியினரைக் காக்கவோ நடமாட்டத்துக்கும் குடியிருப்புக்கும் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். அதையும் சட்டத்தின் மூலமே செய்ய வேண்டும். என் கல்லாவில் வரவு குறைந்தது என்பது பொதுநலன் ஆகாது.

அரசு போட்ட சட்டமே நிற்கவில்லை. தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூரார்க்கே என்று ஹரியானா 2020-ல் இயற்றிய சட்டத்தை, 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சங்க விதியும் தப்பவில்லை. மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு குடியிருந்தவரே உறுப்பினராகலாம் என்று மும்பைத் திரைப்பட ஒப்பனைக் கலைஞர் சங்கம் வைத்திருந்த விதியை 2014-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

தம் கடையை யாருக்கு விடுவது என்பது சொந்தக்காரர் விருப்பம். விட்டால் ஒதுக்கி வைப்போம் என்று சங்கம் மிரட்டினால், விவகாரம் காவல் நிலையம் வரை போகும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. பீகார் அதிகாரிகளே இங்கு வந்து விசாரித்துப் போனார்கள். பொய் என்று தெளிந்த பழியை நாமே மெய்யாக்கலாமா? 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூர்த் தமிழர்கள் பட்ட பாட்டை மறக்க முடியுமா? நம்மவர்கள் இன்றும் பெங்களூரிலும் மும்பையிலும் கடை வைத்துப் பிழைக்கிறார்கள். நாசிக் வெங்காயமும் குல்பர்கா துவரையும் திண்டிவனத்துக்கு வரலாம், அந்தப் பக்கத்து மனிதர் மட்டும் வரக்கூடாது என்பது என்ன நியாயம்?

நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எல்லார்க்கும் ஒரே விதி. பில் இல்லாத சரக்கு, முத்திரையில்லாத தராசு, உரிமம் இல்லாத உணவுக்கடை, இவை யாருடையதானாலும் உரிய அதிகாரிக்குப் புகார் எழுதுவோம். அப்படி எழுதும் கைக்கு, தன் கடைக் கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும்.