விரிசலுக்கு முக்காடு போடாதீர்கள்

துறைமுகம் பக்கம் போய் மாப்பிள்ளையூரணிக்குத் திரும்பிய என் மகனின் கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன் சக்கரத்து அலாய் வீல் கோணிவிட்டது. பட்டறையில், "ஐயா, புதுசு எதுக்கு? சூடு காட்டித் தட்டி, பெயிண்ட் அடிச்சுட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்கள்.

யாருக்கும் தெரியாது என்பதுதான் என் சண்டையே.

அம்பாசடர் காலத்து இரும்பு ரிம்மைத் தட்டி நிமிர்த்தி ஓட்டியவர்கள்தாம் நாம். இரும்பு வளைந்து கொடுக்கும். சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலாய் வீலோ பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதுவரை பகல் வெளிச்சத்தில் சிவப்பே காட்டாது. அதற்கு வெகு முன்பே, தொழிற்சாலையில் பதப்படுத்தி ஏற்றிய வலிமை போய்விடும். கண்ணால் பார்த்து அளவாகச் சூடு வைத்தேன் என்பது வெறும் பேச்சு.

நான் படித்த பிரெஞ்சில் கோணிய சக்கரத்தை 'வுவாலே' என்பார்கள். முக்காடிட்டது என்றும் அதற்குப் பொருள் உண்டு. விரிசல் மேல் அடிக்கும் பெயிண்ட் அந்த முக்காடுதான்.

டயரைக் கழற்றச் சொன்னேன். உள்பக்கம் மயிரிழை விரிசல். வீலை மாற்றினோம்.

எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. விளிம்பில் சிறு கோணல் மட்டும், விரிசல் இல்லை என்றால், அதற்கான இயந்திரத்தில் நிமிர்த்தி, பேலன்சிங் பார்த்து ஓட்டலாம். விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம். கையில் பணமில்லையா? அந்தக் காருக்கு உரிய இரும்பு ரிம் போடுங்கள். அழகு குறையும், அவ்வளவுதானே!

பின் சீட்டில் உட்கார்வது நம் பேரப் பிள்ளைகள். அவர்கள் உயிரில் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.