தலைமை உபாத்தியாயர்களுக்குப் பள்ளிக்கூடம் எங்கே?

பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கின்றது. உபாத்தியாயராக வர விரும்புகிறவர் படிக்கப் பயிற்சிப் பள்ளி இருக்கின்றது. ஆனால் ஒருவர் தலைமை உபாத்தியாயராகி அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அன்று முதல் அவர் கற்க வேண்டியது ஒன்றுமே இல்லை என்பதாக நம் நாட்டில் ஒரு எண்ணம் இருந்து வருகின்றது. "பெரிய வாத்தியாருக்குத் தெரியாததா?" என்று ஊரார் கேட்கின்றார்கள். அவரும் அதை மறுப்பதில்லை. குருக்களுக்குத் தெரியாத மந்திரமா என்று நம் பாட்டன் கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

சமீபத்தில் நாம் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போகையில், பக்கத்தில் இருந்த தோழர் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமை உபாத்தியாயர் என்று தெரிய வந்தது. ஐந்தாம் வகுப்பிலும் சில பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்றும், பெற்றோர் மில்லில் ஷிப்டு வேலை பார்ப்பதால் கூட்டம் போட்டால் வருவதில்லை என்றும் வருத்தப்பட்டார். "மற்றப் பள்ளிக்காரர்கள் என்ன செய்கின்றார்கள் என்று கேட்டீர்களா?" என்றோம். "கேட்டால் எனக்குப் பள்ளி நடத்தத் தெரியவில்லை என்று நினைக்கமாட்டார்களா, ஐயா?" என்றார். சங்கதி இவ்வளவுதான். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பத்து மைல்கூட இல்லை. ஒரு ஊரில் கண்ட வழி மறு ஊருக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் தூரமல்ல, வெட்கமே.

அவர் கையில் செல்போன் இல்லாமலில்லை. ஏழு வாட்ஸ்அப் குழுக்களைக் காட்டினார். மேலே இருந்து வரும் சுற்றறிக்கை, எமிஸ் புள்ளிவிவரம் கேட்டு அவசரம், அதற்கு முப்பது பேர் "நன்றி ஐயா", பிறகு அகவிலைப்படிச் செய்தி, காலை வணக்கம். இவற்றிடையே, திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சற்று நேரம் நின்றுவிடுவதாகவும், அதைக் கண்டு நாசா விஞ்ஞானிகள் திகைத்ததாகவும் ஒரு புளுகு! பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதனால்தான் விழாமல் இருக்கின்றது. நின்றால் விழுந்துபோகும். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதிக்கும் குழுவில் இது உலாவ, ஒருவர்கூட "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கவில்லை. அனுப்பியவர் அவர்களுக்கெல்லாம் மேற்பட்டவராம்!

ஆகவே, கருவி வந்துவிட்டதனால் அறிவு வந்துவிடாது. அதைக் கொண்டு என்ன செய்கின்றோம் என்பதே கேள்வி. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரையில் சேரலாம். அதில் ஒருவர் நல்ல யோசனை ஒன்றை எழுதினாலும், இரண்டு நாளில் அது வாழ்த்துக்களுக்கு அடியில் புதைந்துபோகும். குழுவில் இல்லாதவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அதையே வலைப்பூவில் எழுதி வைத்தால், ஐந்து வருஷம் கழித்து வேறு ஜில்லாவிலிருக்கும் ஒருவர் தேடினாலும் அகப்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் பென்னிங்டன் நூல்நிலையம் ஏற்பட்டது. பிறப்பினால் சிலருக்கே கல்வி என்றிருந்த நாட்டில் பொது நூல்நிலையம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. கல்லூரி வாசலை மிதிக்காத நம் போன்றவர்களை ஆளாக்கியதும் பொது நூல்நிலையங்களே. இன்று அப்படிப்பட்டதொன்றைத் தலைமை உபாத்தியாயர்கள் காசு செலவில்லாமல் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொள்ளலாம்.

இது ஆகாத காரியமல்ல. அமெரிக்காவில் 2009-ல் உபாத்தியாயர் சிலர் 'எட்சாட்' என்ற பெயரில், வாரம் ஒரு நாள் டுவிட்டரில் கூடி ஒரே ஒரு கேள்வியை எடுத்து விவாதிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு எந்த மந்திரியின் உத்தரவும் வரவில்லை. நம் நாட்டிலும் 2017-ல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அவ்வருஷமே அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. கல்விச்சோலை, பாடசாலை முதலிய இணையதளங்களை நம் ஆசிரியர்கள் தினமும் பார்க்கின்றார்கள். அரசாணையும் வினாத்தாளும் அங்கே உடனே கிடைக்கின்றன. நல்லதுதான். ஆனால் "நான் இப்படிச் செய்தேன், பலிக்கவில்லை" என்று ஒரு தலைமை உபாத்தியாயர் எழுதியதைத் தேடிப் பாருங்கள், அபூர்வமாயிருக்கும்.

நாம் சொல்லுவது இதுதான். இரண்டு ஊர்களிலும் பத்துப் பேர் சேரட்டும். மாதம் ஒருவர் ஒரு பக்கம் எழுதட்டும். என்ன தொல்லை, என்ன செய்தோம், முன்னே எத்தனை பிள்ளை படித்தது, பின்னே எத்தனை, எது பலிக்கவில்லை என்பவை போதும். மற்ற ஒன்பது பேரும் தாட்சண்யமின்றிக் கேள்வி கேட்கட்டும். மாலை மரியாதைப் படங்கள் வேண்டாம். பிள்ளைகளின் பெயரும், முகமும், சாதியும் அதில் வரவே கூடாது.

"அரசாங்க நடத்தை விதி தடுக்குமே?" என்பார்கள். அரசாங்கத்தைக் கண்டிப்பது வேறு. வகுத்தல் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதுவது வேறு. "நேரமில்லை" என்பார்கள். காலை வணக்கம் அனுப்ப இருக்கும் நேரம் போதும். வேலை முடிந்ததும் வீட்டு அடுப்பங்கரைக்கு ஓட வேண்டியவர்களாய் இருக்கும் பெண் தலைமை உபாத்தியாயர்களுக்கு, ஆண்களைப்போல் டீக்கடையிலும் சங்கக் கட்டடத்திலும் கூடிப் பேசிக் கற்கும் சௌகரியம் கிடையாது. அவர்களும் சரிசமமாய்ப் பேசக்கூடிய இடம் இதுவே.

இது ஏதோ பொழுதுபோக்கு என்று யாரும் எண்ணவேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அவனோடு படித்த மாணவர்களே சாதி வெறியால் வெட்டினார்கள். அதன்மேல் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்து, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் பள்ளியில் கூடாதென்றது. சரி, நாளைக் காலையில் ஒரு பையன் கயிற்றோடு வந்தால், அவனை அவமானப்படுத்தாமல், அவன் வீட்டாரும் சண்டைக்கு வராமல், அதைக் கழற்றச் செய்வது எப்படி? சுற்றறிக்கை அதைச் சொல்லாது. செய்து பார்த்த ஒரு தலைமை உபாத்தியாயரே சொல்ல முடியும். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், அடுத்த ஊரில் ஒரு பிள்ளையின் இரத்தம் சிந்தலாம்.

தோழர்களே! 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களாகிய நீங்களே. அடுத்த கூட்டத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா என்று கேட்பதோடு நில்லாமல், "ஐயா, அம்மா, இந்த மாதம் நீங்கள் யாரிடம் என்ன கற்றீர்கள்?" என்றும் மரியாதையாய்க் கேளுங்கள். "எனக்கு இது தெரியவில்லை" என்று அவர் சொன்னால் சிரிக்காதீர்கள்; கைதட்டுங்கள். தெரியாது என்று சொல்லத் துணிந்தவரிடத்தில் படிக்கும் பிள்ளைதான் நாளைக்கு எதையும் ஏன் என்று கேட்கும்.