கடைசிச் சோறு கர்ப்பிணிக்கா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. ஊர் மாறியும் ஒரு பழக்கம் பல வீடுகளில் மாறவில்லை. கர்ப்பிணிப் பெண் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். "அதிகம் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்று அரை வயிறு போடும் பெரியவர்களும் உண்டு. இது தவறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு ரத்த சோகை. பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால் இவர்களுக்கே ஆபத்து அதிகம். குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். இந்த மண்ணில் விளையும் கேழ்வரகு, வேர்க்கடலையோடு பருப்பு, கீரை, முட்டை, நெல்லிக்காய் ஆகியவற்றை நாள்தோறும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். காப்பி, டீயுடன் சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது.

கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் அங்கன்வாடியில் இலவச உணவு உண்டு என்கிறது 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். தாய்மொழி எது என்று அது கேட்கவில்லை. தெலுங்கு தெரியாதே என்று கூச்சப்பட்டு ஒதுங்கும் மனைவியைக் கணவரே அழைத்துச் சென்று பெயரைப் பதிய வேண்டும். அதிகாரிகளும் தமிழர் மிகுந்த பகுதிகளில் அறிவிப்புகளைத் தமிழிலும் எழுதி வைப்பது நல்லது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போது, சிகிச்சை அட்டையும் மாத்திரையும் மறக்காமல் கூடவே போகட்டும்.

வளையல் அடுக்குவது ஒரு நாள். வயிறாரச் சோறு போடுவது தினமும் நடக்க வேண்டும்.